அப்புறம் சார் தொட்டிக்குள் படுத்தார்

மூன்றாவது தடவையும் தொட்டி ஒழுகியது.

ஆறடி நீளக் கண்ணாடி மீன்தொட்டி. பழைய வீட்டு வாசலை விட்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்ததால், பிளேடால் பசையைக் கிழித்து, பலகை பலகையாகப் பிரித்து, புது வீட்டில் கொண்டுவந்து ஒட்டியாயிற்று. ஒரு மூலையை அடைத்தால் இன்னொரு மூலை சொட்டியது. வாளிக்குள் ஆரஞ்சு மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. சார் நிமிஷத்துக்கு ஒரு தரம் வாளியை எட்டிப் பார்த்தார்.

"வெளியில ஒட்டிப் பிரயோஜனம் இல்ல மாமா. உள்ள படுத்துதான் ஒட்டணும்," என்றான் மைத்துனன்.

அலுவலகத்தில் அவருக்கு 'அப்புறம் சார்' என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் "அப்புறம் பார்க்கலாம்" என்பார். மீன் விஷயத்தில் மட்டும் அப்புறமே கிடையாது. தண்ணீரை வடித்து, துடைத்து, உள்ளே படுத்து மூலை மூலையாகப் பசை தடவினார்.

உள்ளே சுகமாகத்தான் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் பச்சையாக வழிந்தது. வீட்டுச் சத்தமெல்லாம் எங்கோ தண்ணீருக்கடியில் கேட்டது. கண் சொக்கிவிட்டது.

விழித்தபோது மூக்குக்கு மேலே கண்ணாடி!

"டேய் மச்சான், என்னடா இது?"

"மேல் கண்ணாடி மாமா. நீங்க தூங்கிட்டீங்க, நேரத்தை வீணாக்குவானேன்னு ஒட்டிட்டேன். காத்துக்கு ஓரத்துல இடம் இருக்கு. காலை வரைக்கும் அசையாதீங்க! அசைஞ்சா மொத்தமும் பிரிஞ்சிடும். மீன் பாவம்."

அவர் மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, அந்தப் பின் ரூம் விஷயம்..."

"அப்புறம் பேச..."

"இதுதாங்க அந்த அப்புறம். மூணு மாசத்து அப்புறமெல்லாம் மொத்தமா வந்தாச்சு. எங்க எழுந்து போறீங்கன்னு பார்க்கறேன்."

அந்த அறையில் அவள் தையல் வகுப்பு நடத்த வேண்டும். ஏழு பேர் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். இவரோ அங்கே இரண்டாவது தொட்டி வைக்கக் கனவு கண்டுகொண்டிருக்கிறார். அவள் சொல்லிக்கொண்டே போனாள். பேசும்போது அவளுக்கு இடது புருவம் மட்டும் உயரும் என்பதை இத்தனை வருஷத்தில் இன்றுதான் கவனித்தார். வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

"ரூம் உனக்குத்தாம்மா. நிஜமா. இன்னொரு தொட்டி வேண்டாம்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

கதவருகே மைத்துனன் தலை தெரிந்தது.

"அக்கா, மாமா ஒத்துக்கிட்டாரா? அப்ப கண்ணாடியை எடுத்துடவா? பசையே தடவல, சும்மாதானே வெச்சிருக்கு!"