நடுநிலையாளனின் கருத்து நீக்கப்பட்டது

என் மனைவி பவளத்தைத் தட்டிக் கேட்பது என்று போன திங்கட்கிழமை தீர்மானித்தேன். நேரில் அல்ல. எனக்குத் துணிச்சல் உண்டு, அவ்வளவு இல்லை.

பவளம் கைபேசியில் ஒரு கதைச் செயலியில் தொடர்கதை எழுதுகிறாள். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை வாசகிகள். கதாநாயகியின் கணவன் பெயர் சுந்தரேசன். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவான். தேன்கனிக்கோட்டையிலிருந்து மாமியார் வந்தால் ஓவர்டைம் என்று பொய் சொல்வான். டிபன் பிடிக்கவில்லை என்றால் தட்டைத் தள்ளிவிட்டு முகத்தைத் தூக்கிக்கொள்வான். எனக்கும் அவனுக்கும் பெயர் ஒன்றுதான் வித்தியாசம்.

'நடுநிலையாளன்' என்ற பெயரில் கணக்கு ஆரம்பித்தேன். "சுந்தரேசன் தங்கமானவர். உப்பில்லாத உப்புமாவை எவன் தின்பான்?" என்று கருத்துப் போட்டேன். ஐந்தே நிமிடத்தில் காணோம். மறுபடி போட்டேன். மறுபடி காணோம்.

சிப்காட்டில் எனக்குக் கியர் அளக்கிற வேலை. அன்றைக்குக் கியரை விட்டுவிட்டுக் கைபேசியை அளந்தேன். பத்துத் தடவை பாத்ரூம் போனேன்.

"ஏம்ப்பா, என்னா ஆச்சு?" என்றார் சூப்பர்வைசர் மாதேஷ்.

"நிக்கவே மாட்டேங்குது சார்."

கருத்தைத்தான் சொன்னேன். மாத்திரை கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன்.

"பவளம், உன் கதைக்கு வர்ற கருத்தையெல்லாம் நீ அழிக்கிறியாமே?"

"யாருங்க சொன்னது?"

"கம்பெனில பேசிக்கிறாங்க."

"கியர் கம்பெனிலயா?"

"எங்கயோ! கருத்துச் சுதந்திரம்னு ஒண்ணு இருக்குல்ல? கெட்ட வார்த்தை இருந்தா எடு. மத்ததெல்லாம் நிக்கட்டும். நாலு பேரு விவாதிச்சாத்தான் உண்மை வெளிய வரும்."

பவளம் தோசையைத் திருப்பினாள். "நீங்க சொன்னா சரிதானுங்க."

மூன்றாம் தடவை போட்டேன். அரை மணி நேரம் ஆகியும் என் கருத்து நின்றது. நெஞ்சு நிமிர்ந்தது. அப்புறம் வாசகிகள் வந்தார்கள்.

"உமக்கு உப்புமா கிண்டத் தெரியுமா?" என்றார் மத்தூர் ஃபெபா. "இவர் வீட்டம்மாவுக்குக் கோயில் கட்டணும்" என்றார் ஒருவர். "இது நடுநிலை இல்லை, நடுவீட்டில் கால்நீட்டிய நிலை" என்றார் இன்னொருவர். நான் பதில் போடப் போட கருத்துகளின் எண்ணிக்கை ஏறியது. மறுநாள் மதியத்துக்குள் இருநூற்றுப் பதினான்கு. கேன்டீனில் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பவளம், அந்த நடுநிலையாளன் பாவம். குதறி எடுக்கறாங்க. அதையெல்லாம் அழிச்சுடேன்."

"கெட்ட வார்த்தை இருக்குதுங்களா?"

"இல்ல..."

"அப்ப அது விவாதம்."

"மனுசனுக்கு மனசு நோவாதா?"

"அதுக்குத்தானே ரெண்டு தடவை அழிச்சேன்! உங்களக் காப்பாத்தலாம்னு பாத்தா நீங்க விடலையே."

"நா... நானா?"

"கதையில டிபன்னுதானுங்க எழுதினேன். உப்புமான்னு எழுதவே இல்ல. அதுல உப்பு இல்லாதது உலகத்துல நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

தண்ணீர் குடித்தேன். பவளம் கோபப்படவில்லை. கைபேசியை என் கையில் வைத்தாள்.

"எனக்கு அடுத்த அத்தியாயம் எழுதணும். கருத்து பாக்க நடுநிலையா ஒரு ஆள் வேணும். நீங்களே பாத்துக்கோங்க."

இப்போது தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்து, என்னைத் திட்டுகிற கருத்துகளை ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். நாகரிகமாகத் திட்டியிருந்தால் அனுமதிக்கிறேன்.

நேற்று மட்டும் எழுபத்தொன்பது. எல்லாமே நாகரிகம்.