ரிஜெக்ட் அண்ணனின் நாகஸ்வரப் பெட்டி

சிடி பிளேயரே இல்லாத வீட்டில், நாகஸ்வர சிடிகள் அடங்கிய பெட்டி ஒன்றை அலமாரியில் வைத்திருந்தவன் நான். சுற்றிய பாலிதீனைக்கூடப் பிரிக்கவில்லை. வருகிறவர்கள் பார்த்து மரியாதை கொடுக்கட்டும் என்று வாங்கியது. ஒருவரும் கொடுக்கவில்லை. வாங்கச் சொன்னவர் ரிஜெக்ட் அண்ணன்.

அவரைப் போலக் கோபப்பட இந்தப் பூமியில் இன்னொருவர் பிறந்து வரவேண்டும். நெருப்பெரிச்சல் என்ற ஊரில், ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசராக நான் இருக்கும் பனியன் கம்பெனியில் அவர்தான் செக்கிங் இன்சார்ஜ். ஒரு நூல் பிசிறுக்காக மொத்த லாட்டையே ரிஜெக்ட் என்று திருப்பி அனுப்புவார். அவர் நின்று கத்தினால் அயர்ன் பாக்ஸ் இல்லாமலே துணியில் சுருக்கம் போகும்.

சங்கீதத்திலும் அப்படித்தான். தனி சிடி வாங்கமாட்டார், முழுப் பெட்டியாகத்தான். பனியன் பெட்டியில் ஒரு சைஸ் குறைந்தால் பெட்டியே ரிஜெக்ட் அல்லவா? ஒரு கச்சேரித் தொகுப்பில் ஐந்தாம் தட்டு இரண்டு இருந்தது, ஆறாவது இல்லை. கடைக்காரரை போனில் பிடித்து, "பாடுனவரு ஆறாவது கச்சேரிக்கு லீவு போட்டுட்டாருங்களா?" என்றார். திட்டு முழுவதிலும் 'ங்க' ஒன்றுகூடக் குறையவில்லை.

வீட்டில் இடமில்லை என்று மனைவி சொல்லிவிட்டதால், சேர்த்ததையெல்லாம் கம்பெனி அட்டைப்பெட்டி ஒன்றில் அடுக்கி, டேப் ஒட்டி, பேக்கிங் ஹாலில் ஓரமாக வைத்திருந்தார். போன மாதம் கண்டெய்னர் கிளம்பிய பிறகு பார்த்தால் பனியன் பெட்டி ஒன்று மீந்து கிடந்தது. அவருடைய பெட்டியைக் காணோம்.

காரில் துரத்தினோம். தாராபுரம் ரோடு நெடுக லோடிங் ஆட்கள், அவர்களை வேலைக்கு வைத்த முதலாளி, அட்டைப்பெட்டியைக் கண்டுபிடித்தவன், நான் கியர் மாற்றும் லட்சணம் என்று எல்லாவற்றுக்கும் திட்டு விழுந்தது. அவிநாசிபாளையம் டீக்கடை முன்னால் கண்டெய்னர் நின்றிருந்தது. கதவில் கஸ்டம்ஸ் சீல். உடைத்தால் சோதனை, கையெழுத்து எல்லாம் முதலிலிருந்து. அதற்குள் கப்பல் போய்விடும். பிறகு சரக்கைக் கம்பெனி செலவில் விமானத்தில்தான் அனுப்ப வேண்டும்.

"உடைச்சிருவமா அண்ணாச்சி?" என்றார் கண்டெய்னரின் நெல்லைக்கார டிரைவர்.

அண்ணன் சீலை இழுத்துப் பார்த்தார். சரியாகத்தான் போட்டிருந்தார்கள். அதற்கும் கோபம் வந்தது.

"தொட்டீங்கன்னா நான் மனுசனா இருக்கமாட்டனுங்க. வண்டிய எடுங்க."

வண்டி மறைந்ததும், "எப்படிங்க மாத்தி ஏத்துவாங்க?" என்றார்.

"டேப் அவ்வளவு நேரா ஒட்டியிருந்துச்சே, கம்பெனிப் பெட்டின்னு நெனச்சிருப்பாங்க" என்றேன்.

"ஆமாங்க. ஒட்டுனது நாந்தானுங்களே."

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் யாரையும் திட்டவில்லை. நான் வேண்டுமென்றே கியரைக் கரகரவென்று மாற்றிப் பார்த்தேன். ஊகும். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. சாயங்காலமே என் நாகஸ்வரப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

பாலிதீனைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"வாங்குனதுல இருந்து பிரிக்கவே இல்லீங்களா? எதுக்குங்க உங்களுக்கெல்லாம் காது?"

அப்பாடா என்றிருந்தது எனக்கு.

வாசல்வரை வழியனுப்ப வந்த அவர் மனைவி மெதுவாகச் சொன்னார்: "இவரு கேக்கறது பிளேயர்ல கெடக்கற அந்த ஒரே தட்டத்தானுங்க. அது ஊட்லயேதான் இருக்குது. மத்ததெல்லாம் எண்ணிப் பாக்கறதுக்குங்க."