பன்னத்திடம் சொன்னால் போதும்

“பனி பெய்யாத நாட்டுக்கு நாகரிகம் வாறதுக்கு ஒரே வழிதான் இரிக்கி. பன்னம்.”

“ஆர் சொன்ன?”

“ஆரும் சொல்லத் தேவல்ல. எந்த நாவல எடுத்தாலும் பாரு. பெரிய மனிசர் வாசிக்கிற அறை, அதில ஒரு ஜன்னல், ஜன்னலோரத்தில ஒரு பன்னச் செடி. வெளிய பனி கொட்டுது, உள்ள பன்னம் பச்சையா நிக்கிது.”

“அந்த அறைக்குக் கூர இரிக்குமா?”

“இரிக்கும்.”

“அதான் கேட்டன்.”

உலக நாகரிகத்தைக் கூரை போட்டு மூடப் பார்த்தவள் பஹ்மிதா. அதைக் காப்பாற்றப் போராடியவர் அவளுடைய கணவர் ஹாதிக். கையில் தண்ணீர் தெளிக்கும் போத்தல், கக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பு நாவல். அவர் நின்ற இடம் கல்முனைக்குடியில், கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த ஒரு வளவு.

அந்த வளவில் இரண்டு வீடுகள். ஒன்று பஹ்மிதாவுக்குச் சீதனமாகக் கொடுத்தது. ஓடு, ஜன்னல், மாமியார் என்று சகல வசதிகளும் கொண்டது. மற்றது தங்கை றாஹிலாவுக்காக வாப்பா முகைதீன்பாவா கட்டத் தொடங்கியது. சுவர் எழும்பி, நிலை வைத்து, கூரைக்கு வேண்டிய மரத்தையும் ஓட்டையும் வாங்கி முற்றத்தில் அடுக்கிய கையோடு அவர் மவுத்தாகிவிட்டார். தச்சு வேலை செய்யும் ஓடாவியைக் கூட்டி வந்து, பக்கத்தில் நின்று, கூரையைப் போடுவிக்கும் வேலை மட்டும்தான் மிச்சம். அது வீட்டின் ஒரே ஆம்பிளையான ஹாதிக்கின் தலையில் விழுந்தது. அடுக்கியிருந்த ஓடுகளே தலையில் விழுந்திருந்தாலும் அவர் அவ்வளவு கலங்கியிருக்க மாட்டார்.

ஹாதிக்கைப் பற்றி நாம் உயர்வாகவே சொல்ல வேண்டும். நம் கரையில் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். மாப்பிள்ளை பெண்ணுக்கு மஹர் கொடுப்பார். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு ஒரு வீட்டைக் கொடுப்பார்கள். இரண்டும் ஒரே அளவுதானா என்று இதுவரை எவரும் நாடா பிடித்துப் பார்த்ததில்லை. பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிற காலத்தில் ஹாதிக் சீதனத்தை எதிர்த்து அனல் பறக்கப் பேசியவர். அந்தப் பேச்சின் சூடு ஆறுவதற்குள் கலியாணம் பேசி வந்தது. வீடு வேண்டாமென்று சொன்னால் மாமியின் மனம் நோகும். பிறர் மனதை நோகடிப்பது அவருடைய கொள்கைக்கு முரணானது. ஒரு பெட்டி உடுப்பும் நாலு பெட்டி நாவலுமாக வந்து சேர்ந்தார்.

உத்தியோகத்தில் அவர் நாட்டை அபிவிருத்தி செய்பவர். அவருடைய அலுவலகத்துக்கு அபிவிருத்தி செய்ய அனுப்பப்பட்டவர்கள் அதிகம், கதிரைகள் குறைவு. ஆகவே அங்கே அபிவிருத்தி முறை போட்டு நடந்தது. கதிரை கிடைக்காத நாட்களில் ஹாதிக் ‘வெளிக்கள வேலை’ பார்த்தார். வெளிக்களம் என்பது வீட்டு முற்றம்.

பன்னம் என்கிற அந்தப் பெரணிச் செடி, அவர் கண்டிக்குச் சுற்றுலா போன இடத்தில் வாங்கியது. தொங்கவிட்டால் நாலு பக்கமும் இலை சொரிந்து நிற்கும் வகை. கூடவே பராமரிப்புக் குறிப்பு ஒன்றும் தந்தார்கள். நேர் வெயில் ஆகாது. உப்புக்காற்று ஆகாது. தண்ணீர் கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. அடிக்கடி இடம் மாற்றினால் முகம் வாடும். மெல்லிய நிழலில், யாரும் முட்டாத இடத்தில், குளிர்மையாக வைத்திருக்க வேண்டும். வாசித்து முடித்தபோது ஹாதிக்கின் கண் கலங்கிவிட்டது. அவரைப் பற்றி இவ்வளவு விபரமாக அதுவரை எவரும் எழுதியதில்லை.

அன்றிலிருந்து அவர் ஓயவில்லை. தும்புத்தூள் வாங்கினார். செங்கல் துண்டு பொறுக்கி அடியில் போட்டார். மக்கிய இலையை அரித்துக் கலந்தார். அலுவலகத்தில் ‘கரையோரப் பன்ன மேம்பாட்டுச் செயற்குழு’ ஒன்றையும் நிறுவினார். முதலாவது கூட்டத்தில் தேநீரும் பற்றிஸும் பரிமாறப்பட்டன. பன்னத்தின் நிழல் தேவை குறித்து ஆழமான கலந்துரையாடல் இடம்பெற்றது. கல்முனையில் வெயில் அதிகம் என்பது ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அடுத்த கூட்டத்தை நிழலான ஓரிடத்தில் நடத்துவதெனத் தீர்மானித்து, ஸலவாத்துடன் சபை கலைந்தது.

வீட்டில் மட்டும் அந்த அளவுக்கு விழிப்புணர்வு இல்லை.

“இலைக்கு அடியில பூச்சி மொய்ச்சிரிக்கி” என்றாள் பஹ்மிதா. “பொட்டுப் பொட்டா, மண்ணிறத்தில.”

“பூச்சியில்ல. அதுதான் அதுட வித்து. பன்னம் பூக்காது.”

“காய்க்கிறயும் இல்லியா?”

“இல்ல.”

“மறுகா என்னத்துக்கு இரிக்கி?”

“சும்மா, அழகுக்கு.”

பஹ்மிதா பன்னத்தைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். “வெளங்குது” என்றாள்.

இந்த இடத்தில் பஹ்மிதாவின் உம்மா ஹாஜறா மாமியின் மரியாதையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மருமகனோடு முகத்துக்கு முகம் கதைக்கக் கூடாது என்ற பழைய ஒழுங்கை இன்னமும் காத்து வருபவர் அவர். ஹாதிக் அறைக்குள் வந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் போய்விடுவார். சொல்ல வேண்டியதை எல்லாம் மகள் வழியாகச் சொல்லுவார். “மகள், மருமகன் சாப்பிட்டயாம்?” “மகள், மருமகன்ட்ட கேளு, ஓடாவிட்ட போனயாம்?” இரு தரப்பும் பத்தடி தூரத்தில் இருக்க, நடுவில் பஹ்மிதா தபால் சுமந்தாள். ஒரு நாள் அவள் வேலைநிறுத்தம் செய்தாள்.

“எனக்கு ஏலா. ரெண்டு பேருக்கும் காது இரிக்கி, வாயும் இரிக்கி. இனி நேரா கதைங்க.”

மரியாதை குலையாமல் பேச ஒரு வழி வேண்டியிருந்தது. அதைத் திறந்து வைத்த பெருமை ஹாதிக்கையே சாரும். செடியோடு கதைத்தால் செடி தழைக்கும் என்று எங்கோ வாசித்து, அவர் தினமும் காலையில் பன்னத்துக்கு நாவலில் இரண்டு பக்கம் வாசித்துக் காட்டி வந்தார். திரைக்குப் பின்னாலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஹாஜறா மாமி, ஒரு காலை, மருமகன் விறாந்தைக் கதிரையில் இருக்கும்போதே வெளியே வந்தார். அவர் பக்கம் திரும்பவே இல்லை. நேரே பன்னத்திடம் போனார்.

“என்ட வாப்பா, தண்ணி குடிச்சியா? பச்சப் பசேலெண்டு நிக்கிறாய். உன்னப் பாக்க ஆள் இரிக்கி. முத்தத்தில ஓடு பாசி புடிச்சிக் கிடக்கு, அதப் பாக்கத்தான் ஆளில்ல.”

ஹாதிக் தொண்டையைச் செருமினார். அவரும் பன்னத்தைப் பார்த்தே சொன்னார்.

“பன்னமே, ஓடாவிக்குக் காய்ச்சலாம்.”

“நேத்து சந்தையில சூர மீன் வாங்கினது ஆரு பன்னமே?”

“அது அவர்ட தம்பியா இரிக்கும் பன்னமே.”

“அவருக்குத் தம்பி இல்லியே பன்னமே.”

“அப்ப காய்ச்சல் சுகமாகியிரிக்கும் பன்னமே. அல்ஹம்துலில்லாஹ்.”

இருவரும் எவ்வளவு பண்பாக நடந்துகொண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு சொல் ஒருவர்மேல் ஒருவர் படவில்லை. எல்லாவற்றையும் பன்னம் ஏந்திக்கொண்டது. பெரிய நாடுகள் மூன்றாம் நாட்டில் கூடி, கோப்பி குடித்துச் சாதிக்கிற காரியத்தைக் கல்முனைக்குடியில் ஒரு தொங்குசட்டி சாதித்தது. அதுவும் நன்றாகத் தழைத்தது. தினமும் அவ்வளவு முறைப்பாட்டைக் கேட்ட செடி தழைக்காமல் என்ன செய்யும்?

தழைத்ததில்தான் வினை. பன்னம் அடியில் கன்று விட்டது. ஹாதிக் பிரித்துப் பிரித்து நட்டார். சட்டிகள் பெருகின. கடல்காற்று படாத, மெல்லிய வெளிச்சம் விழுகிற, விசாலமான இடம் தேவைப்பட்டது. அப்போதுதான் கூரையில்லாத வீட்டின் அருமை அவருக்கு விளங்கியது. நாலு பக்கமும் சுவர், உப்புக்காற்று வராது. மேலே திறந்த வானம், கறுப்பு நிழல்வலை ஒன்றைக் கட்டிவிட்டால் போதும். தரையில் மணல், தண்ணீர் தேங்காது. முகைதீன்பாவா மாமா அறியாமலே ஓர் உன்னதமான பன்னச்சாலையைக் கட்டி வைத்திருந்தார். கூரை என்கிற ஒரு தவறை மட்டும் செய்யவிருந்தார். அதற்குள் அல்லாஹ் அவரை அழைத்துக்கொண்டான்.

சுவருக்குச் சுவர் குறுக்கே போட்ட கூரைமரங்களில் சட்டிகள் தொங்கின. ஓட்டு அடுக்கின் மேல் மான்கொம்புப் பன்னம் அமர்ந்தது. குசினிக்கென்று ஒதுக்கிய மூலையில் பறவைக்கூட்டுப் பன்னம் விரிந்தது. ஒரு பின்னேரம் றாஹிலா தாவணியைப் பிடித்துக்கொண்டு நிலையடியில் வந்து நின்றாள்.

“மச்சான், இதுதானே என்ட குசினி?”

“ஓம். இந்த ஊட்டிலயே நல்ல ஈரம் இஞ்சதான்.”

“நான் இரிக்க வந்த மறுகா எனக்கும் காலம பின்னேரம் தண்ணி தெளிப்பீங்களா?”

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் சிரித்து முடித்த பிறகும் அங்கேயே நின்று, அடுப்பு வரவேண்டிய இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கலியாணம் பேசி முடிந்து ஒரு பெருநாள் கழிந்திருந்தது. வீடு முடிந்தால்தான் நாள் வைப்பார்கள். ஹாதிக்கும் அவளைப் பார்த்தார். ஏதோ ஒன்று நெஞ்சில் இலேசாகக் குத்தியது. உடனே ஒரு சட்டி சரிந்திருப்பது கண்ணில் பட்டது. நிமிர்த்தி வைத்தார். குத்தல் போய்விட்டது.

மறுவாரம் ஓடாவி தானாகவே வந்துவிட்டார். காய்ச்சல் இல்லை, ஆயுதப்பெட்டியும் கையில் இருந்தது. ஹாதிக் அவரை வாசலிலேயே மறித்து, மழைக்காலம் முடியட்டும் என்றார். ஓடாவி வானத்தைப் பார்த்தார். வெயில் மண்டையைப் பிளந்தது.

“எந்த மழ தம்பி?”

“வரப்போற மழ.”

தொலைநோக்கு என்பது இதுதான். நாட்டின் அபிவிருத்தித் துறையில் இருப்பவர்களுக்கு அது இயல்பாகவே வந்துவிடுகிறது.

வந்தது மழையல்ல, றாஹிலாவுக்குப் பேசிய மாப்பிள்ளையின் உம்மா. ஸுஹைறா உம்மா சம்மாந்துறையிலிருந்து ஓட்டோவில், ஒரு தட்டு மஸ்கட் இனிப்போடு, வீட்டு வேலை எந்த மட்டில் நிற்கிறதென்று பார்க்க வந்திறங்கினார். ஹாஜறா மாமியின் முகம் வெளுத்தது. பஹ்மிதா தேத்தண்ணி ஊற்றப் போனாள். விருந்தினரை வீடு காட்ட அழைத்துப் போகும் பொறுப்பை ஹாதிக் மனமுவந்து ஏற்றார்.

“இது மண்டபம். இஞ்ச தொங்குறது எல்லாம் ஒரே தாய்ச் செடியில இரிந்து வந்தது. இது படுக்கிற அறை. இஞ்ச காலம வெளிச்சம் கூட, அதால பெரிய இலைய வெச்சிரிக்கன். இது குசினி…”

ஸுஹைறா உம்மா அண்ணாந்து பார்த்தார். நிழல்வலைக்கு மேலே ஒரு காகம் நின்று அவரைக் குனிந்து பார்த்தது.

“கூர எங்க மகன்?”

“பன்னத்துக்குக் கூர தேவல்ல உம்மா. இந்த வல போதும். அரைவாசி வெளிச்சத்த உடும், அரைவாசியத் தடுக்கும்.”

“என்ட மகன் பன்னமில்ல மகன்” என்றார் ஸுஹைறா உம்மா, மிகவும் அன்பாக. “அவன் நெல்லு வயலில வேல செய்யிறவன். களைச்சி வந்து இந்த வலைக்குக் கீழ படுத்தா முழு மழையும் அவன்ட தலையிலதான் பெய்யும்.”

தேத்தண்ணியை அரைவாசி குடித்தார். போகும்போது ஹாஜறா மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “கூர ஏறின மறுகா சொல்லியனுப்புங்க, நாள் வைப்பம். கெதியா எண்டா நல்லம். மகனுக்கு வேற இடமும் ரெண்டு மூணு பேர் கேட்டு வாறாங்க. நான் ஒண்டும் சொல்லல்ல.”

ஓட்டோ ஒழுங்கை முனையில் திரும்பும் வரை மாமி படலையில் நின்றார். றாஹிலா மஸ்கட் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அறைக் கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. அந்தச் சத்தம் விறாந்தை வரைக்கும் கேட்டது.

ஹாதிக் தொங்குசட்டியின் அருகில் போய் நின்றார். அடுத்து என்ன நடக்குமென்று அவருக்குத் தெரியும். மாமி வருவார், பன்னத்திடம் சொல்லுவார். பன்னத்திடம் திருப்பிச் சொல்ல அவரிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. சம்மாந்துறை ஆட்களுக்கு அழகுணர்ச்சி குறைவு என்று அது தொடங்கும். மாமிக்கு வசதியாக இருக்கட்டும் என்று சட்டியைக் கொஞ்சம் அவர் பக்கமாகத் திருப்பியும் வைத்தார்.

மாமி படியேறி வந்தார். பன்னத்தைக் கடந்தார். முந்தானையை இழுக்கவில்லை. ஹாதிக்குக்கு நேரே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில், நின்றார்.

“மருமகன்.”

ஹாதிக் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே வேறு மருமகன் யாரும் இல்லை. மாமியின் கண்ணின் நிறத்தை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கண்டார்.

“அந்தச் செடிக்கு வாயில்ல” என்றார் ஹாஜறா மாமி. குரல் தாழவில்லை. “வெயில் சுடுது, தண்ணி தா, தள்ளி வை எண்டு அது ஒரு நாளும் கேட்டதில்ல. கேக்காமலே அதுக்கு என்ன வேணுமெண்டு உங்களுக்கு வெளங்குது. நல்ல கண் உங்களுக்கு, மாஷா அல்லாஹ். எங்களுக்கு வாய் இரிந்ததாலதான் வெளங்கல்ல போல. என்ட புள்ள உள்ள கதவச் சாத்திட்டு இரிக்காள். இப்ப நான் உங்கட முகத்தப் பாத்து வாய் துறந்து கேக்கன். அந்த வலயக் கழட்டிட்டு, நாளைக்கு ஓடாவியக் கூட்டி வருவீங்களா மகன்?”