டீச்சருக்குக் கட்டிய ஏணை

இதுவரை நான் மிக அதிகமாக யோசித்துத் தேர்ந்தெடுத்த பொருள் ஒன்றே ஒன்றுதான். கொல்லையில் இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிச் சாய்ந்துகொள்கிற தொட்டில். யோசிக்காமல் எடுத்த செருப்பும் குடையும் இன்னும் நன்றாக உழைக்கின்றன.

எங்கள் குடும்பத்தில் முதல் எஸ்.எஸ்.எல்.சி. நான்தான். (யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன். பால்காரரிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.) அடுத்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர வேண்டும். விண்ணப்பத்தை முத்து முத்தாக எழுதி முடித்தாயிற்று. நைனாவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குப் படிக்கத் தெரியாது, தன் பெயரை மட்டும் எழுதுவார். அதையும் எழுத மறுத்தார்.

"படிச்சது போதும்மா. இன்னும் படிச்சா மாப்ளைய எங்க போய்த் தேடுறது?" என்றார், தறியைவிட்டுத் தலையைத் தூக்காமலே.

என் வகுப்பு டீச்சர்தான் தைரியம் சொன்னார். "விண்ணப்பத்தை என்கிட்டக் குடு. கடைசித் தேதிக்கு மொத நாள் நானே வந்து உங்க அப்பாகிட்டப் பேசிக் கையெழுத்து வாங்கி, மறுநாளே சேர்த்துடறேன்."

டீச்சர் வாய் திறந்து கேட்டால் நைனா மறுக்கமாட்டார். ஆனால் எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது. இரண்டு தறி போக மிஞ்சிய இடத்தில் பாய்தான் போடலாம். டீச்சருக்கோ முட்டிவலி. கீழே உட்கார்ந்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும்.

"எதிர்வூட்ல நாற்காலி இருக்குதே, கேட்டு வாங்கியாரட்டா?" என்றாள் அம்மா.

ஒரு எஸ்.எஸ்.எல்.சி. வீட்டில் இரவல் நாற்காலியா? கூடாது என்றேன். (அந்த நாற்காலியை நினைத்து நான் விட்ட பெருமூச்சுகளுக்குக் கணக்கில்லை.)

பள்ளி நூலகத்து இங்கிலீஷ் பத்திரிகையில் ஒரு படம் பார்த்திருந்தேன். தோட்டத்தில் தொட்டில் கட்டி, அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி சாய்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருப்பாள். நம் கொல்லையிலும் வேப்பமரத்துக்கும் தென்னைக்கும் நடுவே அப்படி ஒன்று கட்டி, டீச்சரை உட்கார வைத்தால்?

"ஏணையா?" என்றாள் அம்மா. "கொழந்தையே இல்லாத வூட்ல யாருக்குடி ஏணை?"

முதலில் தாமல் ஏரிப்பக்கம் இருந்து ஒரு பழைய மீன்வலை வந்தது. எங்கள் வீடு சுத்த சைவம். கட்டி அரைமணி நேரத்தில் தெருப் பூனைகள் எல்லாம் கீழே வரிசையாக உட்கார்ந்து மேலே பார்த்தன. பிறகு கயிற்று வலை. அதில் கால்மணி நேரம் படுத்து எழுந்தேன். "முதுகெல்லாம் கணக்கு நோட்டு மாதிரி கட்டம் கட்டமா இருக்குதுடி" என்றாள் அம்மா. கோணிப்பையைப் பற்றிக் கேட்காதீர்கள், இரண்டு நாள் சொறிந்தேன். கடைசியில் அம்மாவின் கல்யாண ஜமுக்காளத்தின் இரண்டு முனைகளிலும் கயிறு கோத்துக் கட்டினேன். சாய்ந்தேன். ஆஹா!

அந்தச் சுகம் முழுவதும் தொய்வில்தான் இருந்தது. நடுவில் பள்ளமாகத் தொங்கினால்தான் தொட்டில் ஆளை ஏந்திக்கொள்ளும். விறைப்பாக இழுத்துக் கட்டினால் உருட்டித் தள்ளிவிடும்.

ஆனால் நெசவாளி வீட்டில் தொய்வு என்பது அவமானம். நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலைத் தறியில் ஏற்றும்போது விரலால் தட்டினால் தெறிக்க வேண்டும், இல்லாவிட்டால் புடவை வீண். காலையில் நான் தொய்வாகக் கட்டிவிட்டுப் போவேன். மத்தியானம் பார்த்தால் அது பலகை மாதிரி விறைத்து நிற்கும்.

"நைனா, இதை இழுத்தீங்களா?"

"தொப்பை மாதிரி தொங்கிக்கினு இருந்துதும்மா. ஒரு சுத்துதான் இழுத்தேன்."

மறுநாள் அவிழ்த்துக் கட்டினேன். அன்று இழுத்தவர் இரண்டாவது தறியில் நெய்கிற சித்தப்பா. அதற்கு மறுநாள் அம்மாவே. "கண்ணுல பட்டுது, கை சும்மா இருக்கல" என்றாள்.

டீச்சர் வருகிற நாள் காலையில் மறுபடி தொய்வாகக் கட்டினேன். இவர்களுக்குத் தினம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. படித்தவள் படித்தவள் மாதிரி நடந்துகொள்ள வேண்டாமா? ஒரு தாளில், கொட்டை எழுத்தில், "தயவுசெய்து இதை இழுக்கக் கூடாது" என்று எழுதி வேப்பமரத்தில் ஒட்டிவிட்டு, நிம்மதியாக பஸ் நிறுத்தத்துக்குப் போனேன்.

வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அப்போது பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள் என்பதைக் கவனியுங்கள்.

தாளைப் பார்த்த மூவரும் அதை டீச்சருக்கு எழுதிய வரவேற்பு என்று முடிவு செய்தார்களாம் (பிற்பாடு நான் படித்துக் காட்டியபோது சொன்னார்கள்). வரவேற்பு ஒட்டிய இடம் லட்சணமாக இருக்க வேண்டாமா? நைனா ஒரு சுற்று, சித்தப்பா ஒரு சுற்று, அம்மா முடிச்சைச் சரிபார்த்து இன்னொரு சுற்று.

டீச்சரோடு கொல்லைக்கதவைத் தாண்டியதும் பார்த்தேன். ஜமுக்காளத்தைத் தட்டினால் சத்தம் வரும்போல இருந்தது. அதன் பின்னால் பாவு நூல் விறைக்கப் போட வைத்திருந்த கஞ்சி, பெரிய அண்டாவில் ஆறிக்கொண்டிருந்தது.

"டீச்சர், ஒரு நிமிஷம்..." என்றேன்.

"உக்காருங்கம்மா," என்று நைனா கைகூப்பினார். "உங்களுக்குன்னே நானே இழுத்துக் கட்டினேன்."

அவ்வளவு மரியாதையாகச் சொன்னால் யார்தான் உட்காரமாட்டார்கள்? டீச்சர் உட்கார்ந்தார். தொட்டில் சட்டென்று புரண்டது. கைப்பை முதலில் அண்டாவுக்குள் போயிற்று. பின்னாலேயே டீச்சரும் போனார்.

கழுத்துவரை கஞ்சியோடு டீச்சர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அம்மாதான் முதலில் பேசினாள். "சூடு இல்லியேம்மா?"

"இல்ல," என்றார் டீச்சர், பாடம் நடத்துகிற அதே குரலில். "பதமா இருக்குது."

கைப்பைக்குள் இருந்து என் விண்ணப்பத்தை எடுத்தோம். கஞ்சி சொட்டியது. நைனா அதைக் கையில் வாங்கி, பாவுக்குச் செய்கிற மாதிரியே வழித்து, நான்கு மூலையும் இழுத்து, வெயிலில் காயவைத்தார். கால்மணி நேரத்தில் அது அப்பளமாக விறைத்துக்கொண்டது. அம்மாவின் புடவையில் ஈரத்தலையோடு நின்ற டீச்சரிடம் போய், "பேனா குடுங்கம்மா. எங்க போடணும்?" என்றார்.

டீச்சர் விரலால் இடத்தைக் காட்டினார். தான் இழுத்துக் கட்டியதில் விழுந்தவரிடம் மறுப்பு பேச நைனாவுக்கு முகமில்லை. இத்தனை நாள் போடாத கையெழுத்தை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

என் பெயர், மார்க்கு, பள்ளி எல்லாம் நீலக் கறையாகக் கரைந்திருந்தன. அந்தத் தாளில் படிக்க முடிந்தது நைனாவின் பெயர் மட்டும்தான். புது விண்ணப்பத்துக்கு மெட்ராஸ் போய் வருவதற்குள் தேதி முடிந்துவிடும். அதை டீச்சரும் நானும் அன்று அவரிடம் சொல்லவில்லை.

ஒரு வருஷம் போயிற்று. வீட்டில் உட்கார்ந்து நூல் சுற்றினேன். தொட்டிலில் படுத்து அழலாம் என்றால் அதற்கும் வழியில்லை. யாராவது இழுத்துக் கட்டியிருப்பார்கள், படுத்ததும் கவிழ்த்துவிடும். அடுத்த வருஷம் நைனாவே விண்ணப்பத்தை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு செவிலிமேட்டில் இருக்கிற டீச்சர் வீட்டுக்கு நடந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம். டீச்சர் இப்போதும் எங்கள் வீட்டுக்கு வருவார். நாங்கள் வாங்கிவிட்ட சொந்த நாற்காலியை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

பயிற்சி முடித்த எனக்குப் போன மாதம் டீச்சர் வேலைக்கு உத்தரவு வந்தது. தபால்காரரிடம் வாங்கிய நைனா, காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, வீடே கேட்கும்படி கூப்பிட்டார்:

"படிச்சுச் சொல்லும்மா. இத இழுக்கணுமா, இழுக்கக் கூடாதா?"