ரிசர்வ் ரெஃப்ரி

என் மகளை விளையாட்டில் பெரிய ஆளாக ஆக்கியே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவு செய்தேன். படுத்தபடியேதான் செய்தேன். பெரிய முடிவுகளை நான் எழுந்து உட்கார்ந்து எடுப்பதில்லை.

முதலில் மனைவியிடம் அறிவித்தேன்.

"இனிமே நம்ம வாண்டு வெறும் வாண்டு இல்ல. வீராங்கனை!"

"சரி. எந்திரிச்சு அந்தப் போர்வையை மடிங்க."

"நான் என்ன சொல்றேன், நீ என்ன சொல்றே?"

"ஏன், வீராங்கனையோட அப்பா போர்வை மடிக்கக் கூடாதா?"

மடித்தேன்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊசி போடுவதில் பெயர் வாங்கியவள். "எப்ப போடப் போறீங்க சிஸ்டர்?" என்று நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கும்போது, இவள் போட்டு முடித்து அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பாள். நான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பர் தெரிகிறது என்றால் அது என்னால்தான். எனக்குத் தெரியாதவை எல்லாம் என் வீட்டுக்குள் நடப்பவை மட்டுமே.

எங்கள் வாண்டுக்குப் பத்து வயது. பந்து என்றால் சொந்தக்காரர் என்றும் ஓர் அர்த்தம் உண்டு. வாண்டு அதை அந்த அர்த்தத்தில்தான் வைத்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சைடு சுவரில் தொம், தொம் என்று உதைப்பாள். இருட்டியதும் துடைத்து எடுத்துவந்து, தலையணைக்குப் பக்கத்தில் அதற்கும் ஓர் இடம் கொடுப்பாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் பெண் குழந்தைகளுக்கான கால்பந்து அணி ஒன்று இருந்தது. கொண்டுபோய்ச் சேர்த்தேன். பயிற்சி கொடுத்தது ஒரு சின்னப் பெண். குழந்தைகள் 'கோச் அக்கா' என்பார்கள். வாண்டு முதல் நாள் முழங்காலில் சேறும் முகமெல்லாம் சிரிப்புமாக வந்தாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் மேட்ச் ஆரம்பித்தது. நானும் ஆரம்பித்தேன்.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட நாளில் நானும் கால்பந்து அணியில் இருந்தவன். கோல் வலையில் கிழிசல் இருந்த இடத்தில் நிற்பது என் வேலை. உதைப்பவர்கள் நிறைந்த விளையாட்டில் உதை வாங்கிய அனுபவம் முழுக்க என்னுடையது. அந்த அனுபவத்தை எல்லாம் மைதானத்து ஓரத்தில் நின்று மகள்மேல் இறக்கினேன்.

"ஓடு! பந்தை விடாதே! ஐயோ, பந்தை விடு! லெஃப்ட்ல போ! லெஃப்ட்ல! என் லெஃப்ட் இல்ல, உன் லெஃப்ட்!"

எதிர் அணியின் கோல்கீப்பர் என் பேச்சைக் கேட்டு லெஃப்டில் போய் நின்றாள். என் மகள் போகவில்லை. பந்து வரும்போதெல்லாம் அவள் பந்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். அவள் என்னைப் பார்க்கிற நேரத்தில் பந்து அவளைத் தாண்டிப் போயிற்று.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஸ்கூட்டரில் விளக்கம் சொன்னேன். வழி போதவில்லை. சாப்பாட்டு மேஜையிலும் தொடர்ந்தேன்.

"இந்த உப்பு டப்பா எதிர் டீம். டம்ளர் கோல். தக்காளிதான் நீ. நீ இங்க நின்னிருக்கணும். ஆனா எங்க நின்னே?"

மனைவி கையை நீட்டித் தக்காளியை எடுத்தாள். நாலாக நறுக்கினாள்.

"வீராங்கனையை நறுக்கிட்டேன். இனி சாப்பிடலாமா?"

அடுத்த சனிக்கிழமை காலை வாண்டுக்கு வயிற்று வலி. அதற்கடுத்த சனிக்கிழமையும் வயிற்று வலி. மேட்ச் இல்லாத சனிக்கிழமை வலிக்கவில்லை. ஷூ காணாமல் போனது. தேடினால் வாஷிங் மெஷினுக்குள், பழைய துணிக்கு அடியில் கிடந்தது. கடைசியில் ஒரு நாள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அப்பா, எனக்குக் கால்பந்து வேணாம்ப்பா."

பந்தைக் கட்டிலுக்கு அடியில், சுவர் ஓரமாக, கைக்கு எட்டாத இடத்துக்குத் தள்ளிவிட்டாள். அன்று சாயங்காலம் சைடு சுவரில் சத்தம் இல்லை. யாரோ வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. எனக்குக் காப்பி இறங்கவில்லை.

"வயித்தைப் பாத்தியா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"பாத்தேன். வயித்துல ஒண்ணுமில்ல. பயம்."

"யாரைப் பாத்து?"

அவள் என்னையே பார்த்தாள்.

"எதிர் டீம் கோல்கீப்பர் கொஞ்சம் உயரம்தான்," என்றேன்.

"என்னங்க..."

"அந்தக் கோச்சும் இன்னும் கொஞ்சம் அன்பாச் சொல்லித் தரலாம்."

"என்னங்க, உங்களைப் பாத்துத்தான்."

நான் என் மகளை அடித்ததில்லை. அதட்டியதில்லை. உற்சாகம்தான் கொடுத்தேன். அதைச் சொன்னேன்.

"அதான் ஓவர் டோஸ் ஆயிடுச்சு," என்றாள் நர்ஸ்.

அப்புறம் அவளே வாண்டுவிடம் பேசினாள். "ஒரே ஒரு மேட்ச் ஆடிப் பாரு. அப்பா வரமாட்டார்."

"நிஜமாவா?"

அந்த 'நிஜமாவா'வில் இருந்த சந்தோஷம் இருக்கிறதே! முள் மாதிரி குத்தியது. சத்தியமாக வரமாட்டேன் என்றேன். சொல்லும்போதே மனதுக்குள் ஒரு திட்டம் முளைத்துவிட்டது. அப்பா வரமாட்டார் என்றுதானே பேச்சு. அப்பா மாதிரி இல்லாத ஓர் ஆள் வந்தால்?

கடையில் இருப்பதிலேயே பெரிய கறுப்புக் கண்ணாடியை எடுத்தேன். இரண்டு வருடமாக விற்காதது. போட்டால் பாதி முகம் காணாமல் போகும். தலையில் தொப்பி. சட்டையும் எனக்குப் பிடிக்காத சட்டை. தண்ணீர்த் தொட்டித் தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். யாரும் கவனிக்கவில்லை. வாண்டு நன்றாகவே ஆடினாள். திட்டம் ரொம்ப அழகாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது பந்து அவள் காலுக்கு வந்தது. எதிரே கோல். நடுவில் யாரும் இல்லை. மாறுவேடத்தில் இருந்தது நான்தான். என் தொண்டை இல்லை.

"அடிடீ தங்கம்!"

மைதானம் மொத்தமும் திரும்பியது. நிழலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. வாண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். பந்து தானாக உருண்டு வெளியே போயிற்று. அவள் அழவில்லை. ஓரமாக வந்து உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தாள். மேட்ச் இன்னும் முடியவே இல்லை.

வீட்டில் பெரிய புயல் வரும் என்று காத்திருந்தேன். மனைவி திட்டவே இல்லை. "இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க," என்றாள். அவள் திட்டினால் அன்றோடு முடியும். திட்டாவிட்டால் எங்கேயோ ஏதோ ஆரம்பமாகிறது என்று அர்த்தம்.

இரண்டு நாள் கழித்துக் கோச் அக்கா என் கடைக்கு வந்தாள். கண்ணாடி வாங்க இல்லை.

"சார், நீங்க ஒரு உதவி பண்ணணும். லீக்ல ஒரு பொறுப்பு காலியா இருக்கு. ரிசர்வ் ரெஃப்ரி."

"ரெஃப்ரியா? நானா?"

"உங்க அளவுக்கு ஆட்டத்தைக் கவனிக்கிறவங்க யாரும் இல்ல சார். ரெஃப்ரியோட விசில் எப்ப வேணா மக்கர் பண்ணலாம். பண்ணினா அந்த நொடியே நீங்க ஊதணும். அதனால விசில் எப்பவும் வாயில தயாரா இருக்கணும்."

"எப்பவுமா?"

"ஆரம்பத்துலேருந்து முடியிற வரைக்கும். நடுவுல எடுத்தா பொறுப்பு போயிரும். அவசரம் இல்லாம ஊதவும் கூடாது. விசிலை மேட்சுக்கு முன்னாடி நான் தருவேன், முடிஞ்சதும் வாங்கிக்குவேன். லீக் முழுக்க ஒரே ஒரு ஆளுக்குத்தான் இது."

ஒரே ஒரு ஆள்! அன்று கடைக்கு வந்தவர்களுக்கு எல்லாம் சற்று நிமிர்ந்து நின்றே கண் பரிசோதனை செய்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும், "ரிசர்வ் ரெஃப்ரி ஆயிட்டேன்," என்று அறிவித்தேன்.

மனைவி முகம் சுருங்கியது. "வேண்டாங்க. அது உங்களால முடியாது."

"என்னால முடியாதா?"

"வாயைத் திறக்கவே கூடாதாமே. அதுக்கெல்லாம் மனக்கட்டுப்பாடு வேணும். வேற யாராவது செய்யட்டும்."

"என்னைப் பத்தி என்னதான் நினைச்சிட்டிருக்கே? நான்தான் செய்வேன். செஞ்சு காட்டுறேன்!"

வாயைத் திறக்கக் கூடாது என்பதை நான் அவளிடம் சொல்லவே இல்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த வாண்டு மெல்ல வந்தாள்.

"முழு மேட்சும் உங்க வாயில விசில் இருக்குமாப்பா?"

"இருக்கும்."

"ஒரு நிமிஷம்கூட எடுக்க மாட்டீங்களா?"

"விதிம்மா."

அவள் வாஷிங் மெஷின் பக்கம் போனாள். மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

சனிக்கிழமை எனக்கு மஞ்சள் மேல்சட்டை கொடுத்தார்கள். மைதானத்து மூலையில் ஓர் இடம் காட்டினார்கள். விசிலை வாயில் வைத்தேன். தவறி ஊதிவிடுவேனோ என்று பயந்து மூக்கால் மட்டுமே மூச்சு விட்டேன். விசிலோடு எச்சில் விழுங்குவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உள்ளே வார்த்தைகள் வந்து வந்து முட்டின. தொண்டைக்கு ஓய்வு, எனக்குத் தொண்டு.

பேச முடியாதவனுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பார்த்தேன்.

என் மகள் ஓடும்போது நாக்கின் நுனியை ஓரமாக வெளியே நீட்டிக்கொண்டு ஓடுகிறாள். அது எனக்குத் தெரியாது. ஆட்டம் முழுக்க ஓயாமல் பேசுகிறாள். "இங்க குடு, பின்னாடி ஆள் இருக்கு, சூப்பர்டீ" என்று எல்லோருக்கும் ஏதாவது சொல்கிறாள். வாய் யாரைக் கொண்டு என்பதில் சந்தேகமே இல்லை. ஒரு தடவை காற்றை உதைத்துவிட்டுத் தொப்பென்று விழுந்தாள். எனக்கு நெஞ்சு நின்றது. அவளோ படுத்தபடியே சிரித்தாள். தோழி கை கொடுத்துத் தூக்கினாள், அவளும் சிரித்தாள். என் பக்கம் வாண்டு ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

கடைசியில் பந்து அவளிடம் வந்தது. எதிரே கோல். 'நீயே அடி' என்பது என் தொண்டை வரை வந்து, விசிலில் இடித்துக்கொண்டு திரும்பிப் போனது. வாண்டு அடிக்கவில்லை. பக்கத்தில் ஓடிவந்த தோழிக்குத் தள்ளினாள். அவள் அடித்தாள். கோல்! நான் சொல்ல நினைத்தபடி அடித்திருந்தால் நேராக அந்த உயரமான கோல்கீப்பரின் கைக்குப் போயிருக்கும்.

முடிந்ததும் ஓடி வந்தாள். "பாத்தீங்களாப்பா?"

விசிலை எடுத்தேன். சொல்வதற்கு ஒரு வண்டி விஷயம் இருந்தது. தாடை மரத்துப்போய் ஒரு வரிதான் வந்தது.

"பாத்தேம்மா. பாக்க அவ்வளவு நல்லா இருந்துச்சு," என்றேன்.

வீடு வரும் வரை ஸ்கூட்டரின் பின்னால் அவள்தான் பேசினாள். யார் யாருக்குக் கொடுத்தது, யார் வழுக்கியது, யாருடைய ஷூ கழன்று பந்துக்கு முன்னால் பறந்தது. சாயங்காலம் சைடு சுவரில் தொம், தொம். நான் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டேன். அப்பாடா என்று இருந்தது. என் கடை அளவுக்குப் பெரிய அப்பாடா.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமைகூட வயிற்று வலி வரவில்லை. அந்த வருடத்தின் கடைசி மேட்ச் வேறு மைதானத்தில் நடந்தது. நான் மேல்சட்டையைப் போட்டு, விசிலையும் வாங்கிக்கொண்டு என் மூலைக்கு நடந்தேன். எதிர் மூலையில் ஒருவர் நின்றார். நல்ல உடம்பு. மஞ்சள் மேல்சட்டை. வாயில் விசில். இன்னும் ஆட்டம் தொடங்கவில்லை என்று சைகை காட்டினேன். விசிலை எடுத்தார்.

"நீங்க?" என்றேன் கிட்டே போய்.

"ரிசர்வ் ரெஃப்ரி," என்றார் நெஞ்சை நிமிர்த்தி. "லீக் முழுக்க ஒரே ஒரு ஆளுக்குத்தான் இந்தப் பொறுப்பு. அதோ, அந்த உயரமான கோல்கீப்பர் நம்ம பொண்ணுதான்."

"இதை யார் உங்களுக்குக் கொடுத்தாங்க?"

"எங்க கோச்தான். எங்க வீட்டம்மாகூட, உங்களால முடியாதுங்கன்னு தடுத்துப் பாத்தா. விடுவேனா?"

நான் மற்ற இரண்டு மூலைகளையும் பார்த்தேன். ஒரு மூலையில் ஒல்லியாக ஒரு மஞ்சள் மேல்சட்டை. இன்னொன்றில் குள்ளமாக ஒன்று. அந்த ஒல்லி மனிதர் ரொம்பக் கடமை உணர்ச்சி உள்ளவர் போலிருக்கிறது. நான் போய்க் கேட்ட கேள்விக்கு எல்லாம் விசிலை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

மர நிழலில் அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் மனைவி. நேரே போனேன்.

"நாலு மூலையிலும் ஒரே ஒரு ஆள் நிக்கிறாரே!"

"அப்படியா?" என்றாள். பக்கத்து அம்மா தலை குனிந்து தோள் குலுங்கச் சிரித்தாள்.

"இது எல்லாம் உன் யோசனைதானே?"

"பிடிக்கலேன்னா விட்டுருங்க. மேல்சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டு, பழையபடி ஓரத்துல நின்னு சொல்லிக் குடுங்க."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தேன். வாண்டும் அந்த உயரமான கோல்கீப்பரும் ஆட்டம் தொடங்கும் முன்பே எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். இனி எந்த மேட்சையும் நான் ஜெயித்துக் கொடுக்க வேண்டாம். மற்ற மூன்று அப்பாக்களும் ஜெயித்துக் கொடுக்க வேண்டாம். நிம்மதியாகத்தான் இருந்தது.

"விட மாட்டேன்," என்றேன். "ஆனா ஒரு சந்தேகம். ரெஃப்ரி விசில் நிஜமாவே மக்கர் பண்ணினா, நாங்க நாலு பேரும் ஒண்ணா ஊதினா குழப்பமாயிடாதா?"

"எங்க, ஊதிக் காட்டுங்க."

பலம் கொண்ட மட்டும் ஊதினேன். கன்னம் வலித்ததுதான் மிச்சம்.

"எல்லா விசில்லயும் பஞ்சு அடைச்சுத்தான் குடுத்திருக்கோம்," என்றாள்.