வழியனுப்பியும் போகாத ஃபெர்கஸ்

சலிமா, மலாவி
வெள்ளிக்கிழமை காலை

மதிப்புக்குரிய ஃபெர்கஸின் அம்மாவுக்கு,

நீங்கள் நலமென்றால் நாங்களும் நலம். நலமில்லையென்றால், உங்கள் மகன் சொன்ன நாளில் ஸ்காட்லாந்து வந்து சேராததுதான் காரணமாக இருக்கும். அதை விளக்கவே எழுதுகிறேன். என் பெயர் தியாமிகே. இந்தக் குழந்தைகள் இல்லத்தில் எந்நேரமும் படித்துக்கொண்டிருப்பவள் நான் என்பதால் கடிதம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

உங்கள் மகன் இங்கே நன்றாகத் தொண்டு செய்தார். தண்ணீர் சுமந்தார், ந்சிமா களியை அடிப்பிடிக்க விட்டார், கைதட்டிப் பாடும் பாட்டு ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். அவருக்கு முன் வந்த தொண்டர்கள் எல்லோரும் கற்றுக்கொடுத்த அதே பாட்டுதான். விருந்தினர் மனம் நோகக் கூடாதென்று புதிதாகக் கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே தப்பும் செய்தோம். ஐந்து வயது யாங்கோ மட்டும், "இவரு தப்பாத் தட்டறாரு, போன வருஷம் வந்த அக்கா நல்லாத் தட்டுனாங்க" என்று சொல்லிவிட்டான்.

செவ்வாயன்று பிரிவு விருந்து. கோழி அடித்தோம், பாடினோம், அழுதோம். எங்கள் ஊரில் விருந்தினரை வாசலோடு அனுப்பினால் விரட்டியதற்குச் சமம். ஆகவே எங்கள் இல்லத் தலைவி அமாயி சிசாலேயும் நாங்கள் அத்தனை பேரும் சோள ஆலை வரை கூடவே போனோம். அங்கே கைகொடுத்துவிட்டுத் திரும்புவதுதான் முறை. உங்கள் மகனோ, "எனக்காக இவ்வளவு தூரம் வந்தீங்க, உங்கள வீடு வரைக்கும் விட்டுட்டு வரேன்" என்று பெட்டியோடு எங்கள் பின்னால் வந்துவிட்டார். வாசலுக்கு வந்ததும் அமாயி, "மனுஷன எப்படித் தனியா அனுப்பறது" என்று மறுபடி கிளம்பினார். ஆலையில் ஃபெர்கஸ் மறுபடி எங்களோடு திரும்பினார். இப்படிப் போய்வந்துகொண்டிருக்கும்போதே பஸ் எங்களைத் தாண்டிப் போனது. நடத்துநர் கையசைத்தார், நாங்களும் மரியாதைக்கு அசைத்தோம். புதனும் வியாழனும் இதே கதை. ஆலைக்கார மலுங்கா, "என்ன அமாயி, இவர வழியனுப்பறீங்களா, மேய்க்கறீங்களா?" என்று கேட்டார். "நீ மாவ அரை" என்றார் அமாயி. தினமும் கோழி அடிக்க முடியாது. தினமும் அழவும் முடியவில்லை. நேற்று யாங்கோ மட்டும் அழுதான், அதுவும் செருப்பு கடித்ததால்.

அவரைக் குற்றம் சொல்லவில்லை. நீங்கள் வளர்த்த வளர்ப்பு அப்படி.

இதில் என் பிழைப்புதான் கெடுகிறது. ஃபெர்கஸ் போனதும் அவர் அறை படிப்பறையாகும், பொறுப்பு எனக்கு என்று அமாயி வாக்குக் கொடுத்திருக்கிறார். இப்போது புத்தகங்கள் என் கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. எலி, நிலப்படப் புத்தகத்தில் ஆப்பிரிக்காவைத் தின்று முடித்து உங்கள் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. நாளை அறுவடைச் சோளம் வருகிறது. இன்றைக்குள் அறை காலியாகி என் கைக்கு வரவில்லையென்றால் அதில் மூட்டைகள் ஏறிவிடும். கெஞ்சிப் பார்த்தேன். "சோளம் நனைஞ்சா கெட்டுடும், உன் கதைப்புத்தகம் நனைஞ்சா காயவெச்சுக்க" என்கிறார் அமாயி.

ஆகவே, திரும்பிப் பார்க்காமல் கிளம்பி வா என்று அவருக்கு ஒரு கண்டிப்பான செய்தி அனுப்பும்படி பணிவுடன் வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை மலுங்கா தன் கைபேசியில் படமெடுத்து அனுப்புவார். பதிலையும் அதற்கே அனுப்புங்கள்.

உங்கள் ஊரில் என்றும் மழை குறையாமல் பெய்ய இறைவனை வேண்டும்,
தியாமிகே

பி.கு.: செய்தி அனுப்ப வேண்டாம். மதியம் அமாயி எங்கள் எல்லோரையும் சமையலறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டார். யாரும் கூடப் போகவில்லை. ஃபெர்கஸ் வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார். பஸ் கிடைத்துவிட்டது. அறை என் கைக்கு வந்தது. புத்தகங்களை அடுக்கிப் பார்த்தேன், ஒரு சுவரே போதுமாக இருக்கிறது. மற்ற மூன்று சுவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் கட்டிலை எடுக்க வந்தார்கள், நான் விடவில்லை. வந்து சேர்ந்ததும் வயிறாரச் சாப்பாடு போட்டு அவரை இங்கே திருப்பி அனுப்புங்கள். தயவுசெய்து வழியனுப்ப மட்டும் அவரோடு போகாதீர்கள்.