கம்ப்ரசர் மேல் காய்ந்த புடவை

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது நாலு; நாலையும் ஆளாக்கினேன். ஆனால் ஈரத்துணியைக் கண்டால் மட்டும் இன்றைக்கும் கை சும்மா இருக்காது. (கண்ணில் படுகிற பக்கமெல்லாம் துணி காயப்போடச் சூடான பாறை இருக்கிற செஞ்சியில் பிறந்தவள் நான்.)

கடைக்குட்டி செல்விக்குத் திண்டிவனம் ரோட்டில் ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. அங்கே ஆளுயரத்துக்கு ஒரு காந்த மிஷின். அதன் வயிற்றுக்குள் 'புரோப்' என்று ஒரு குழாய். மருந்துக்குள் என்ன கலந்திருக்கிறது என்று அதுதான் கேட்டுச் சொல்லுமாம்.

"ஐஸைவிட சில்லுனு இருந்தாதான்மா அதுக்குக் காது நல்லா கேக்கும். அது சூடாகாம பாத்துக்கறதுதான் என் வேலை" என்பாள்.

(இதற்கா எம்.எஸ்ஸி. படிக்க வைத்தேன் என்று நினைத்துக்கொள்வேன்.)

அன்றைக்கு ஞாயிறு, ஐப்பசி மழை. மிஷினில் ஏதோ அவசர மருந்துக்குச் சோதனை ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலைக்குள் முடிவு கொடுக்காவிட்டால் வேலையே போய்விடும் என்று செல்வி சாப்பிடக்கூட வரவில்லை. கருவாட்டுக் குழம்பும் சோறும் கட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனேன். இறங்கி வாசலுக்குள் போவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டேன்.

செல்வி தன் வெள்ளைக் கோட்டை என்மேல் மாட்டி, பின்னறையில் விட்டாள்.

"யம்மா, காந்தத்துக்கிட்ட மட்டும் வந்துடாத. இங்கயே குந்து."

நான் ஏன் அங்கே போகிறேன்? பின்னறையிலேயே பீரோ மாதிரி ஒரு பெட்டி உறுமிக்கொண்டு அனல்காற்று விட்டது. சித்திரை மாசத்துப் பாறை தோற்றது! புடவையை அவிழ்த்துப் பிழிந்து, பெட்டியைச் சுற்றி நாலு பக்கமும் விரித்து, பறக்காமல் முனையையும் செருகிவிட்டேன். (செய்கிற வேலை சுத்தமாக இருக்க வேண்டும்.)

கொஞ்ச நேரத்தில் உறுமல் நின்றது. அப்பாடா என்று கண்ணை மூடினேன். உடனே கீ கீ என்று அலறல். செல்வி ஓடிவந்தாள். வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்திருந்த பெரிய அதிகாரியும் அவள் பின்னாலேயே வந்தார்.

"யம்மா! இன்னா பண்ண?"

"இன்னாடி பண்ணிட்டேன்? துணி காயப்போட்டேன்."

"அதுதாம்மா புரோப்பை சில்லுனு வெக்கிற கம்ப்ரசர்! மூச்சு முட்டி நின்னுபோச்சு. உள்ள எல்லாம் சூடாயிடுச்சு!"

"சில்லுனு வெக்கிற மிஷினு ஏன்டி அடுப்பாட்டம் கொதிக்குது?"

செல்வி முகத்தில் ரத்தமே இல்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. என் பிள்ளையின் வேலை, என் புடவையில் முடிந்துவிட்டதே!

அதிகாரி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். "அம்மா மொதல்ல பொடவைய கட்டிக்கட்டும்" என்றார். வெள்ளைக் கோட்டும் பாவாடையுமாக நிற்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

புரோப் மறுபடி குளிர ஒரு நாள் ஆகுமாம். சோதிக்க மருந்து அனுப்பின கம்பெனிக்காரர்களுக்கு அவரே போன் போட்டு ஒரு நாள் தவணை கேட்டார். அவர்கள் காரணம் கேட்டிருப்பார்கள் போல. என்னை ஓரக்கண்ணால் பார்த்து, "மழைதான் காரணம்" என்றார். செல்விக்கு உயிர் வந்தது. குழம்பில் பாதி அவருக்குப் போனது.

மறுவாரமே அந்தப் பெட்டியில் ஒரு போர்டு ஏறிவிட்டது: 'இதன் மேல் துணி காயப்போடக் கூடாது.' வெளியூர் இன்ஜினியர் யார் வந்தாலும் அது என்ன என்று கேட்கிறார்களாம்; செல்வி கூரையைப் பார்க்கிறாளாம். வீட்டில் நான் புடவையைப் பிழிந்தாலே போதும், "அத்தை, பிரிட்ஜை விட்டுடுங்க" என்று மருமகன் கும்பிடுகிறார்.

சிரிக்கட்டும். அந்தக் கூடம் முழுக்க இங்கிலீஷ் போர்டுதான். தமிழில் இருப்பது அது ஒன்றுதான், அதுவும் எனக்காக எழுதினது. போய் எழுத்துக்கூட்டி நானே படித்துவிட்டு வந்தேன்.

யாழினி கண்ணு, ஆயா சொன்னதெல்லாம் எழுதிட்டியா? எங்க, படி. அந்த போர்டு வர்ற எடத்த மட்டும் உங்கம்மா செல்விக்குக் கேக்கற மாதிரி படி.